நாற்பத்திரண்டு புள்ளிகளில் ஐந்து

அத்தியாயம் ஆறு

"இது மெப் இல்லன்னா, நான் இந்த உடுப்பக் கழட்டி வச்சிட்டு மரக்கறி விக்கப் போறேன்" என்றார் இன்ஸ்பெக்டர் ஏக்கநாயக்க, சிங்களத்தில். தாக்குதலுக்கு வரைந்த வரைபடம் என்பது அவர் கட்சி.

தம்புள்ளையில் கத்தரிக்காய் நல்ல விலைக்குப் போகிறது, சேர் தாராளமாகப் போகலாம் என்று சொல்ல அழகமுத்துவுக்கு வாய் துறுதுறுத்தது. பக்கத்தில் நின்ற மரிய கொறற்றி செருப்புக் காலால் அவன் பாதத்தை ஒரு மிதி மிதித்தாள். பகிடி தொண்டையோடு நின்றுவிட்டது.

கொறற்றி மிஸ் காப்புறுதிக் கம்பனி ஒன்றில் பன்னிரண்டு வருஷம் பொய்க் கோரிக்கைகளைத் தோண்டி எடுத்தவள். இப்போது மாத்தளை டவுனில் ஓர் இரும்புக்கடைக்கு மேலே அறை எடுத்து, தனியார் விசாரணை என்று பலகை மாட்டியிருக்கிறாள். அவளுடைய த்ரீவீலை ஓட்டுவதும் அவளுக்கு உதவியாளனாக இருப்பதும் அழகமுத்துதான். இரண்டு வேலைக்கும் ஒரே சம்பளம் என்பது அவனுடைய தீராத குறை.

மேசையில் பொலித்தீன் உறைக்குள் ஒரு தாள் கிடந்தது. நிற்கும் கோடு ஒன்று, கிடக்கும் கோடு ஒன்று, நடுவே அம்மை வார்த்த முகம் போலப் புள்ளிகள். ஓரங்களில் விசித்திரமான எழுத்துகள். வால் முளைத்த u ஒன்று. தலையில் ஒரு சின்ன 2-ஐச் சுமந்துகொண்டு ஒரு R. மேலே தெளிவாக, n = 42.

"இது என்ன பாஷை? சிங்களமா, தமிழா, இங்கிலீசா? ஒண்ணுமில்ல. ரகசிய எழுத்து" என்றார் இன்ஸ்பெக்டர். "புள்ளியெல்லாம் நானே எண்ணினேன், மிஸ். சரியா நாப்பத்திரண்டு. நாப்பத்திரண்டு ஆள், நாப்பத்திரண்டு இடம். வேற என்ன வேணும்?"

2008ஆம் ஆண்டு அது, யுத்தம் உச்சத்தில் இருந்த நேரம். தமிழ்ப் பையன் ஒருவனின் பையில் கோழிக்கறிக் குறிப்பு இருந்தாலும் நாலு பேர் கூடி வாசிக்கிற காலம். நடராஜாவின் பையில் இருந்ததோ இந்தத் தாள். நாவுலப் பக்கம் ஒரு விவசாய ஆய்வு நிலையத்தில் புள்ளிவிவரம் பார்க்கும் உத்தியோகத்தன் அவன், வயது இருபத்தேழு. ஒன்பது நாளைக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, வீதிச் சோதனையில் பஸ்ஸை விட்டு இறக்கினார்கள். அன்றிலிருந்து இந்தத் தம்புள்ளைப் பொலிஸ் நிலையத்தின் பின்னறையில்தான் இருக்கிறான். அவன் தாய் நல்லம்மா, பாலமரத் தோட்டத்தில் மிளகு பறிக்கிறவள். ஒன்பது நாளும் வெளிவாசல் மர வாங்கில் உட்கார்ந்திருக்கிறாள். கொறற்றியை வரவழைத்ததும் அவள்தான்.

"அவன் வேலை செய்யிற எடத்துல கேட்டீங்களா, சேர்?" என்றாள் கொறற்றி.

இன்ஸ்பெக்டர் கோப்பிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். நிலையத்தின் பணிப்பாளர் டொக்டர் ஞானரட்ணம் எழுதியது. 'இப்படியான தாளை நான் கண்டதில்லை. இத்தகைய குறியீடுகளை எமது நிலையம் பயன்படுத்துவதுமில்லை.' கீழே அழகான கையெழுத்து.

"எழுதினவரும் தமிழர்தான்" என்றார் இன்ஸ்பெக்டர். "மூணு மணிக்கு கொழும்பு வேன் வருது. அதுக்குப் பிறகு பையன் என் கையில இல்ல."

மூன்று மணி வேனில் ஏறியவர்களைப் பற்றி அழகமுத்துவுக்குத் தெரியும். அவனுடைய சின்னம்மா மகன் இரண்டு வருஷத்துக்கு முன்பு அப்படி ஒரு வேனில்தான் போனான். இன்னும் கடிதம்கூட வரவில்லை. சுவர்க் கடிகாரத்தில் பத்தே முக்கால்.

வெளியே வந்ததும் நல்லம்மா எழுந்து நின்றாள். "என்னாங்க சொன்னாரு?"

"கொஞ்சம் பொறுங்கம்மா. மூணு மணிக்குள்ள வந்திருவோம்" என்றாள் கொறற்றி.

*

நாவுல பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால் ஒரு தேத்தண்ணிக் கடை. மூலை மேசையில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு ஜெஸீமா காத்திருந்தாள். ஆய்வு நிலையத்தில் நடராஜாவின் கீழ் தரவு பதிகிற பெண். கொறற்றி போன் எடுத்துக் கூப்பிட்டபோது வரமாட்டேன் என்றவள், ஐந்து நிமிஷத்தில் தானே திருப்பி எடுத்து வருகிறேன் என்றிருந்தாள்.

"அது மெப் இல்ல மிஸ்" என்றாள் எடுத்த எடுப்பில். "கெணத்துத் தண்ணி."

"தண்ணியா?" என்றான் அழகமுத்து. "பொலிசு அதுல நாப்பத்திரண்டு பேரத் தேடிக்கிட்டு இருக்கு."

"நாப்பத்திரண்டு கெணறு. ஒவ்வொரு புள்ளியும் ஒரு கெணறு. மரக்கறித் தோட்டத்துலேர்ந்து கெணறு எவ்வளவு தூரம்னு கீழ் கோடு சொல்லும். ஒரு லீட்டர் தண்ணியில எவ்வளவு பூச்சிமருந்து கலந்திருக்குன்னு நிக்கிற கோடு சொல்லும். அந்த வால் வச்ச எழுத்து மியூ. ஒரு கிராமுல பத்து லெச்சத்துல ஒரு பங்குன்னு அர்த்தம். அவ்வளவு கொஞ்சம் இருந்தாலே, குடிக்கக் குடிக்க ஆள சாச்சிரும். தலையில ரெண்டு வச்ச R, தூரமும் மருந்தும் எவ்வளவு ஒத்துப் போகுதுன்னு காட்டுற கணக்கு."

"அத நேரா இங்கிலீசுல எழுதித் தொலச்சிருந்தா இந்தக் கஷ்டம் வந்திருக்காதே."

"நடா சேர் விடமாட்டாரு. அளவ சரியா எழுதாதவன் அளந்தும் பிரயோசனமில்லன்னு சொல்லுவாரு." ஜெஸீமா விரலால் மேசையில் எழுதிக் காட்டினாள். "கம்பியூட்டருல சும்மா பேரு எழுதுற மாதிரி தட்டினா வெறும் எழுத்துதான் வரும். மியூ வரணும், தலையில சின்ன ரெண்டு ஏறணும்னா வேற விதமா கட்டளை எழுதணும். சமன் குறி ஒண்ணு வாறதுக்கு ரெண்டு தடவ தட்டணும். அதுக்குள்ளேயே சேரு இன்னொரு வேல செய்வாரு. ஒரு புள்ளி வச்சி அடைப்புக்குறி போடுவாரு. இந்த எடத்துல நீயே எண்ணிப் போடுன்னு அதுக்கு அர்த்தம்."

கொறற்றி கோப்பையைக் கீழே வைத்தாள். "யாரு எண்ணணும்?"

"கம்பியூட்டருதான். சேரு கையால எண் எழுதவே மாட்டாரு மிஸ். படத்துல எத்தன புள்ளி விழுதோ, அத்தனைன்னு மேல தானா வரும்."

"அப்ப அந்த எண்ண வேற ஆளு மாத்தணும்னா?"

ஜெஸீமா வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "சேர புடிச்சதுக்கு முந்தின நாள், வெள்ளிக்கெழம பின்னேரம், சேரு வெளி வேலையா போயிருந்தாரு. டொக்டர் ஞானரட்ணம் வந்து சேரோட கம்பியூட்டருல ஒக்காந்தாரு. தட்டுறாரு, தட்டுறாரு, செவப்பு எழுத்துல பிழை பிழைன்னு வருது. என்ன கூப்பிட்டு, மேல நிக்கிற எண்ண எப்படி மாத்துறதுன்னு கேட்டாரு. சமன் குறிய அவரு ஒரு தடவதான் தட்டியிருந்தாரு. எனக்குத் தெரிஞ்சிச்சு. சொல்லல்ல."

"ஏன் சொல்லல்ல?"

"அவரு முகத்தப் பாத்து பயந்துட்டேன். மறுநாள் காலையில ஒரு உறைய எடுத்துக்கிட்டு மாத்தளைக்குப் போனாரு, அறிக்கை அச்சடிக்கணும்னு. திங்கக்கெழம வந்து பாத்தா சேரோட கம்பியூட்டர் அவரு ரூமுல பூட்டியிருக்கு. அந்த மருந்துல பயமில்ல, தண்ணியில சேராதுன்னு மூணு வருசத்துக்கு முன்ன கையெழுத்து வச்சவரே அவருதான் மிஸ்."

"நடராஜா அந்தத் தாள எங்க கொண்டு போனாரு?"

"பாலமரத் தோட்டத்துக்கு. போறதா டொக்டருகிட்டயும் சொன்னாரு, அவரு பாக்கத்தான் பையில வச்சாரு. அங்க கீழ் லயத்து வீடுகள்ல இந்த வருசம் மட்டும் நாலு பேரு சுகமில்லாம மவுத்தாயிட்டாங்க. அவரு வீடும் அங்கதான். கெணத்துல அள்ள வேணாம்னு சொல்லப் போனாரு." அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "போய்ச் சேரல்ல."

அழகமுத்து சர்க்கரையைக் கலக்குவதை நிறுத்தினான். டொக்டர் என்கிற அந்த மனிதனைக் கண்டதும் இல்லை, பேசியதும் இல்லை. ஆனாலும் அவன் மேல் கோபம் கோபமாக வந்தது.

"முத்து, வண்டிய எடு. மாத்தளைக்கு."

"அங்க நாலு அச்சகம் இருக்கு மிஸ். எதுன்னு தேடுறது?"

"கம்பியூட்டர் மாத்தாத எண்ண கையாலதான் ஒட்டணும். பிளேடும் பசையும் வச்சு எழுத்து ஒட்டத் தெரிஞ்ச ஆளு இப்ப மாத்தளையில ஒருத்தருதான் மிச்சம்."

*

முத்தலிப் நானாவின் அச்சகத்தில் கரண்ட் இல்லை. இயந்திரங்கள் ஓய்ந்து கிடக்க, அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகை மடித்துக்கொண்டிருந்தார். நேரம் ஒரு மணி பத்து.

"ஒருத்தர் தந்த வேலைய இன்னொருத்தருக்குக் காட்ட ஏலாது தங்கச்சி" என்றார், கொறற்றி கேட்டதும்.

"சரி நானா. ஒரு பையன் மூணு மணிக்கு கொழும்பு வேனுல ஏறப் போறான். அவன் உம்மா வாசல்ல குந்தியிருக்கு. காட்ட ஏலாதுன்னு அவகிட்ட போய் சொல்லிர்றேன்."

கிழவர் மடிப்பதை நிறுத்தினார். பிறகு எழுந்து, அலுமாரியிலிருந்து ஓர் உறையை எடுத்து வந்து மேசையில் வைத்தார்.

அதே படம். அதே மியூ, அதே R, தலையில் அதே 2. எமது நிலையம் பயன்படுத்துவதில்லை என்று டொக்டர் எழுதிக் கொடுத்த குறியீடுகள் எல்லாம் அவருடைய சொந்த அறிக்கையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தன. மேலே n = 42.

"இதுல எந்த எடத்துல ஒட்டினீங்க?"

முத்தலிப் 42-ஐத் தொட்டுக் காட்டினார். "இது மட்டுந்தான். எண்ணு பிழையா அச்சாயிட்டுதுண்டு சொன்னாரு. சனிக்கிழம காலையில எட்டரைக்கு வந்து, நிண்ட நிலையில ஒட்டி வாங்கிப் பாத்தாரு. அவசரம் அவசரமா போன் ஒண்டும் எடுத்தாரு."

கொறற்றி பிளேடு கேட்டாள். கிழவரே வாங்கி, நுனியால் மெல்ல நெம்பினார். நகக்கண் அளவு தாள் துண்டு ஒன்று கழன்று வந்தது. அதன் அடியில் 37.

"முத்து, எண்ணு."

அழகமுத்து பென்சிலால் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டு எண்ணினான். ஒரு தரம். நம்பாமல் இன்னொரு தரம். "முப்பத்தேழு மிஸ்."

"அஞ்சு கெணத்த டொக்டர் எடுத்துட்டாரு" என்றாள் கொறற்றி. "எடுத்ததும் மேல இருக்கிற எண் தானா முப்பத்தேழு ஆயிட்டு. நாப்பத்திரண்டு கெணறு பாக்குறதா மேலிடத்துக்கு முன்னமே எழுதிக் குடுத்தாச்சு. குறையக் கூடாது. நடராஜா எழுதின கட்டளைய மாத்தவும் அவருக்குத் தெரியல்ல."

"முழுப் பூசணிக்காய சோத்துல மறைச்சிட்டு, காம்ப மறைக்க நானாவத் தேடி வந்திருக்காரு" என்றான் அழகமுத்து.

முத்தலிப் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அம்பது வருசமா ஒட்டுறேன்" என்றார். "எழுத்து நேரா ஈக்குதாண்டுதான் பாப்பேன். புள்ளிய எண்ணிப் பாக்கல்லியே." உறையை கொறற்றியின் பக்கம் தள்ளினார். "கொண்டு போங்க. அவரு கேட்டா எலி திண்டுட்டுண்டு சொல்றேன்."

"ஒரு பிரதி எடுத்துக்கலாமா நானா?"

"ரெண்டு மணிக்குத்தான் கரண்ட் வரும்."

கொறற்றி கடிகாரத்தைப் பார்த்தாள். தம்புள்ளைக்கு ஒன்றரை மணி நேர ஓட்டம். அழகமுத்து அதற்குள் வண்டியைக் கிளப்பியிருந்தான்.

*

பொலிஸ் நிலைய முற்றத்தில் வெள்ளை வேன் வந்து நின்றிருந்தது. சாரதி கதவில் சாய்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். நேரம் இரண்டு நாற்பது.

இன்ஸ்பெக்டர் ஏக்கநாயக்க கொறற்றி தந்த தாளை வாங்கி, தன்னிடமிருந்த தாளின்மேல் வைத்து ஜன்னல் கண்ணாடியில் பிடித்தார். பின்னேர வெயில் இரண்டையும் ஊடுருவி வந்தது. கோட்டோடு கோடு பொருந்தியது. புள்ளியோடு புள்ளி பொருந்தியது. மேலே, இடது மூலையில், ஐந்து புள்ளிகள் மட்டும் துணையில்லாமல் நின்றன.

கொறற்றி நிதானமாக எல்லாவற்றையும் சொன்னாள். கிணறு, மருந்து, தானே எண்ணிக்கொள்ளும் எண், பிளேடால் நெம்பிய துண்டு. கடைசியாகக் கேட்டாள்: "அன்னிக்கு பஸ்ஸுல நாப்பது பேரு இருந்திருப்பாங்க சேர். நடராஜாவோட பையத் தேடச் சொன்னது யாரு?"

"போன் வந்திச்சு. பேர் சொல்லல்ல. நீல நிறப் பை, உள்பக்கத்து இடது பொக்கற்றுன்னு சொன்னாங்க."

"அன்னிக்கு காலையில அச்சகத்துலேர்ந்து போன் எடுத்தது டொக்டர். தாளக் கண்டதே இல்லன்னு எழுதினவருக்கு, அது எந்தப் பொக்கற்றுல இருக்குன்னு தெரிஞ்சிருக்கே."

மடக்கிவிட்டோம் என்று அழகமுத்து நினைத்தான். இன்ஸ்பெக்டர் அதிர்வார், டொக்டரைப் பிடிக்க ஜீப்பை எடுக்கச் சொல்வார் என்று காத்திருந்தான். இன்ஸ்பெக்டர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"ஞானரட்ணம்தான் பேசினார்னு எனக்கு முதல் நாளே தெரியும் மிஸ்" என்றார். "கடிதம் கொண்டு வந்து தந்தப்ப அதே குரல். நான் கேக்கல்ல. இந்தக் காலத்துல எங்க ஆளுங்களே அதெல்லாம் கேக்குறதில்ல."

"மரக்கறி விக்கப் போறேன்னு சொன்னீங்களே சேர்" என்றான் அழகமுத்து. இந்தத் தடவை கொறற்றி அவன் காலை மிதிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் அவனைப் பார்த்தார், கோபப்படவில்லை. "மெப் புடிச்சோம்னு கொழும்புக்கு எழுதியாச்சு. மேலிடத்துலேர்ந்து பாராட்டும் வந்தாச்சு. இப்ப இந்த ரெண்டு தாளயும் நான் கோப்புல போட்டா, அது வழக்கு. வழக்குன்னா கோப்பு கொழும்புக்குப் போகும். கோப்போட பையனும் போவான். சாட்சியா போனாலும் அதே வேன்தான். எப்ப திரும்புவான்னு என்னால சொல்ல முடியாது."

"கோப்புல போடாட்டி?"

"தாள் மழையில நனைஞ்சு அழிஞ்சிட்டு, வாசிக்க ஏலாதுன்னு எழுதுவேன். சாட்சி இல்ல, ஆளை விட்டாச்சு. பத்து நிமிஷத்துல அவனக் கூட்டிக்கிட்டுப் போகலாம். ஆனா இந்த ரெண்டுல ஒண்ணுகூட வெளிய இருக்கக் கூடாது."

"மிஸ், அந்த அஞ்சு கெணறு..." என்று தொடங்கினான் அழகமுத்து. பின்னறையில் யாரோ இருமினார்கள். நெஞ்சு கிழியும் இருமல். வெளியே வேன் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

கொறற்றி மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு சாட்சியத்தைக்கூடத் தொலைக்காதவள் அவள்.

"எரிங்க" என்றாள்.

இன்ஸ்பெக்டர் சாம்பல் கிண்ணத்தை இழுத்து வைத்து நெருப்புக் குச்சியைக் கிழித்தார். நாற்பத்திரண்டு கிணறும் முப்பத்தேழு கிணறும் ஒரே தீயில் போயின.

*

நடராஜாவை இரண்டு பக்கமும் தாங்கித்தான் த்ரீவீலில் ஏற்ற வேண்டியிருந்தது. வலது கையில் அழுக்குத் துணி சுற்றியிருந்தது. இரண்டு விரல்கள் மடங்க மறுத்தன. நல்லம்மா அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். ஒன்பது நாளாக அடக்கி வைத்த பேச்செல்லாம் இப்போது கொட்டியது.

"ஒண்ணும் பயப்படாத ராசா. அந்தப் பாழாப்போன பேப்பர எரிச்சிட்டாங்களாம். போனதும் கெணத்துல நாலு வாளி அள்ளி வெந்நி போட்டு ஊத்துறேன். வலியெல்லாம் ஓடிரும்."

நடராஜா நிமிர்ந்து கொறற்றியைப் பார்த்தான்.

"ஒங்க தாள், டொக்டர் அஞ்சு கெணத்த எடுத்துட்டு அடிச்ச தாள், ரெண்டையும் குடுத்துட்டேன் தம்பி" என்றாள் அவள். "ஒங்கள எடுக்க வேற வழி இருக்கல்ல. என்ன மன்னிச்சிருங்க."

நாலந்தாவைத் தாண்டும்வரை வீதியையே பார்த்துக்கொண்டு வந்தான். அழகமுத்து கண்ணாடியில் அவனைப் பார்த்தான். எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்க வேண்டும் போலிருந்தது.

வழியோரத்தில் ஒரு கடை தெரிந்ததும் நடராஜா அவன் தோளைத் தட்டினான்.

"அண்ணே, கொஞ்சம் நிப்பாட்டுங்க. காலி போத்தல் இருந்தா வாங்கித் தாங்க. மூடியோட. அஞ்சு."

"போத்தலு எதுக்குய்யா?" என்றாள் நல்லம்மா.

"தண்ணி எடுக்கணும். முதல்லேர்ந்து அளக்கணும்." அவன் தாயின் கையைத் தன் நல்ல கையால் பிடித்தான். "அம்மா, இனி நம்ம கெணத்துல அள்ளாத. லயத்துல யாரையும் அள்ள விடாத. அதுல மருந்து கலந்திருக்கு. அதச் சொல்லத்தான் அன்னிக்கு வந்தேன்."

நல்லம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேல் வீட்டுக் கைப்புள்ள முந்தாநாள் செத்துப் போச்சுய்யா" என்றாள்.

அழகமுத்து இறங்கிக் கடைக்குள் போனான். கடைக்காரர் எத்தனை என்று கேட்டார். ஐந்து விரல்களைக் காட்டினான்.